கடைசிப் பக்கம் வெள்ளிக்கிழமைதான்

நம் செட்டு ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தகரக் கூரைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் ஐந்து பேராக நெருக்கியடித்து உட்கார்ந்தவர்கள் நாம். இப்போது முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, போனில் பேரப்பிள்ளைகளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உங்களில் சிலருக்கு இந்தச் சம்பவம் அரைகுறையாக ஞாபகம் இருக்கும். அன்றைக்குச் சிரித்தவர்களும் இருக்கிறீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் சிரித்தேன்.

போன மாதம் என் பேத்தி தன் இங்கிலீஷ் பாடத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஏதோ ஒரு மர்மக் கதை, ஆனால் சிரிப்புக் கதை. கதையில் நகைச்சுவை எப்படி வருகிறது என்று கேள்வி. "அம்மாச்சி, அஞ்சு பாயிண்ட் சொல்லுங்க, நாளைக்குக் குடுக்கணும்" என்று குரலில் பேசி அனுப்பியிருந்தாள். கண் சரியில்லை, எழுத்துத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் எழுத இன்னும் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

நாம் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, காற்று மாதத்தில், அந்த இங்கிலீஷ் டீச்சர் வந்தார். பதுளை பஜாரில் புடவைக்கடை வைத்திருந்த வீட்டுப் பெண். காலை பஸ்ஸில் வந்து மேட்டு ரோட்டில் இறங்கி, ஒரு கையில் சேலைக் கொசுவத்தையும் இன்னொரு கையில் ஹேண்ட்பேக்கையும் பிடித்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் வருவார். காற்று அவரைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். கிளாசுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக மூக்குக்கண்ணாடியில் படிந்த மண்ணைத் துடைப்பார். அதற்கு முன் நமக்கு இங்கிலீஷ் பாடம் என்றால் கரும்பலகையில் இருக்கும் பத்துச் சொல்லை முப்பது தடவை எழுதுவது. "இங்கிலீஷ்ல சிரிக்கவும் செய்யலாம் புள்ளைங்களா" என்று முதன்முதலாகச் சொன்னவர் இவர்தான். நமக்கு அது நம்பக்கூடியதாக இல்லை.

ஏன் இல்லை என்றால், நம் லயத்து வீடுகளுக்குள் இங்கிலீஷ் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்து ஆபீசிலிருந்து தாளாக வந்தது. டைப் அடித்த தாள். ஆள் குறைப்பு, குடியிருக்கும் காம்பராவைக் காலி பண்ணு, விசாரணைக்கு வா, இவ்வளவுதான் அதில் இருக்கும். கிளாக்கர் ஐயா அதை மேலிருந்து கீழ் வரை மனதுக்குள் வாசித்துவிட்டு ஒரே வரியில் தமிழில் சொல்வார். அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர்கள் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்கள். எந்தத் தாளும் யாரையும் சிரிக்க வைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

டீச்சர் ஒரு செவ்வாய்க்கிழமை கதை கொண்டுவந்தார். பதுளையில் தெரிந்தவர் ஆபீசில் ரோனியோ மெஷினில் அடித்த நீளத் தாள். பெஞ்சுக்கு ஒரு செட், மூன்று பக்கம். மை இன்னும் காயாமல் விரலில் ஒட்டியது. அந்த மை வாசனை எனக்குப் பிடித்துப்போய், யாரும் பார்க்காதபோது தாளை மூக்கில் வைத்துக்கொண்டேன். "கதைக்கு நாலு பக்கம். கடைசிப் பக்கம் என்னோட பேக்ல இருக்கு. அது வெள்ளிக்கிழமைதான்" என்றார் டீச்சர். அதற்குள் கதையில் திருடியது யார் என்று நாமே கண்டுபிடித்து எழுத வேண்டுமாம்.

கதை இதுதான். சீமையில் ஒரு பெரிய பங்களா. விருந்தன்றைக்கு வெள்ளிக் கரண்டி ஒன்று காணாமல் போகிறது. தடித்த மீசை வைத்த ஒரு இன்ஸ்பெக்டர் மடக்கிய குடையோடு வந்து விசாரிக்கிறார். தோட்டக்காரனை ஒரு தடவை, வீட்டுக்கு வந்திருக்கும் மாமாவை ஒரு தடவை விசாரிக்கிறார். சமையல்காரனை மட்டும் ஆறு தடவை விசாரிக்கிறார். ஒவ்வொரு தடவை சமையலறைக்குப் போகும்போதும் அங்கே புதிதாக ஒரு கேக் வெந்திருக்கும். கேள்வி கேட்டுக்கொண்டே ஒரு துண்டு சாப்பிடுவார். அவருடைய நோட்டுப் புத்தகத்தில் சாட்சியை விட கேக்கின் பெயர்தான் அதிகம். மூன்றாம் பக்கம், சமையல்காரன் கைகளைப் பிசைந்துகொண்டு நிற்பதோடு முடிந்தது.

டீச்சர் அந்தக் கேக் வரிகளை வாசித்துவிட்டு நம் முகத்தைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. நமக்கு அதில் கேக்கே தெரியவில்லை. ஆறு தடவை விசாரிக்கப்பட்ட ஆள்தான் தெரிந்தது.

என் அம்மாவின் அண்ணன், என் மாமா, நம் தோட்டத்துத் தொரை பங்களாவில் சமையல்காரர். சிறு வயதில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு அவருடைய இடது காலில் மூன்று விரல் இல்லை. குதிகாலை ஊன்றித்தான் நடப்பார். சரிவில் நிற்க முடியாத ஆள், தேயிலை மலையில் என்ன வேலை செய்ய முடியும்? பழைய வெள்ளைக்காரத் தொரை காலத்தில் எப்படியோ பங்களா அடுப்படிக்குள் நுழைந்து, வேலை கற்று, மூன்று தொரைமாரைப் பார்த்துவிட்டார். பங்களாவின் பின்னால் இருந்த சின்ன அறையில் தனியாகப் படுத்துக்கொள்வார். மாமி எப்போதோ செத்துப்போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் காம்பராவுக்கு வரும்போது கறிக்கு வெலிமடை லீக்ஸ் ஒரு கட்டும், தீய்ந்த கேக் ஓரங்களை ஒரு காகிதத்திலும் கொண்டுவருவார். நாங்கள் அறிந்த கேக் அந்தத் தீய்ந்த ஓரம்தான். அந்த அடுப்படி போனால் மாமாவுக்குப் போக வேறு இடம் கிடையாது. அது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

செவ்வாய் சாயங்காலம் அந்த மூன்று பக்கத்தையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பெஞ்சில் என் முறை. அப்பா தாளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"என்னா எழுதியிருக்கு?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிளாக்கர் ஐயா மாதிரி மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தமிழில் சொன்னேன். "பங்களாவுல வெள்ளிக் கரண்டி ஒண்ணு காணாமப் போச்சு. பொலிஸ் இன்ஸ்பெக்டர் வந்து விசாரிக்கிறாரு. சமையல்காரர் மேலதான் சந்தேகம்."

அம்மா அடுப்பை விட்டு எழுந்தார். அப்பா கதவைச் சாத்தினார். கதவைச் சாத்தி என்ன பயன்? நம் லயத்துச் சுவர் கூரை வரை போகாது என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த காம்பராக்கார அக்கா இருமிக்கொண்டிருந்தவர் இருமலை நிறுத்திவிட்டார்.

"இது கதைப்பா. டீச்சர் குடுத்த கதை" என்றேன்.

"கதைன்னா ராசா ராணி இருக்கணும். இதுல பங்களா இருக்கு, பொலிஸ் இருக்கு, சமையக்காரன் இருக்கான். எந்தக் கதையில இதெல்லாம் வருது?"

"இங்கிலீஷ் கதைப்பா."

"இங்கிலீஷ்ல எவன் வேல மெனக்கெட்டுக் கத அடிக்கிறான்?" என்றார் அப்பா. அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

கிளாக்கர் ஐயாவிடம் காட்டிக் கேட்கலாம் என்று அம்மா சொன்னார். அப்பா மறுத்துவிட்டார். அவருக்கு விஷயம் இன்னும் தெரியாமல் இருந்தால், நாமே கொண்டுபோய்த் தெரிய வைத்த மாதிரி ஆகிவிடும் என்றார். யோசித்துப் பார்த்தால், அந்த வாழ்க்கைக்கு அது சரியான யோசனைதான். தாளை நாலாக மடித்து, பிறப்புச் சான்றிதழ்கள் கிடந்த தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அப்பா செத்த பிறகு அந்தப் பெட்டியைத் திறந்தோம். சான்றிதழ்களோடு சான்றிதழாக அந்தத் தடித்த மீசை இன்ஸ்பெக்டரும் அதில் கிடந்தார். மடிப்பில் அரித்துப்போய், தொட்டதும் பிரிந்துவிட்டது.

புதன் காலை பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிப்பதற்கு முன்பே கதை சுற்றி வந்துவிட்டது. பங்களாவில் வெள்ளிச் சாமான் போய்விட்டதாம், பள்ளிக்கூடத்துக்கே பேப்பர் வந்துவிட்டதாம். யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. "பாவம், அந்தக் காலு சொத்தியான மனுசன்" என்றுதான் சொன்னார்கள். அந்தப் 'பாவம்'தான் மாமாவை அதிகம் பயமுறுத்தியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைக்கு கிளாசில் டீச்சர் நம் பதில்களை வாங்கிப் பார்த்தார். இருபத்தெட்டுப் பேரில் இருபத்தாறு பேர் சமையல்காரன்தான் எடுத்தான் என்று எழுதியிருந்தோம். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அப்பா கதவைச் சாத்தியதைப் பார்த்த பிறகும் அப்படித்தான் எழுதினேன், வெட்கமாக இருக்கிறது.

"ஏன் எல்லாரும் சமையல்காரர்னு எழுதியிருக்கீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

பின் பெஞ்சிலிருந்து கங்காணி மகன் எழுந்து, "அவருகிட்டத்தானே டீச்சர் கேள்வி கேக்குறாங்க" என்றான்.

டீச்சர் சிரித்தார். கேள்வி கேட்கப்படுகிறவன் எல்லாம் குற்றவாளி இல்லை, கதாசிரியர் நம்மை ஏமாற்றுகிறார், அதுதான் இந்தக் கதையின் ருசி என்று விளக்கினார். நல்ல விளக்கம். ஆனால் நாம் யாரும், விசாரணை முடிந்து சும்மா வீட்டுக்கு வந்த ஆளைக் கண்டதில்லை.

இன்டர்வெலில் நான் டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். லயமே கதையை நிசம் என்று நம்புகிறது, என் மாமா பங்களா சமையல்காரர், கடைசிப் பக்கத்தைத் தந்தால் கொண்டுபோய்க் காட்டுவேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது.

"நெசம்னே நம்பிட்டாங்களா? கதை எழுதினவருக்கு இதைவிட என்ன பாராட்டு வேணும்?" என்றார். பக்கத்தில் இருந்த கணக்கு மாஸ்டரிடமும் சொல்லிச் சிரித்தார். பிறகு என் தலையைத் தடவி, "ரெண்டு நாள் பொறுத்துக்கம்மா. இப்பவே குடுத்தா முடிவு எல்லாருக்கும் தெரிஞ்சிரும், வெள்ளிக்கிழமை சுவாரசியமே இருக்காது" என்றார். டீச்சர் கெட்டவர் இல்லை. நம்மை மனிதப் பிள்ளைகளாக நடத்திய முதல் ஆள் அவர். அதனால்தான் நான் இன்னொரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் பங்களாவின் பின்பக்கம் போனேன். மாமா அடுப்படி வாசலில் உட்கார்ந்து சாம்பல் போட்டு எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே தொரசாணி இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார்.

"பேப்பர்ல எம் பேரு போட்டிருக்கா பாப்பா?"

"இல்ல மாமா. அது கதை. யாரோ சீமையில எழுதுனது. நம்ம பங்களா இல்ல."

"கரண்டின்னுதான போட்டிருக்கு?"

"ஆமா மாமா."

"வெள்ளிக் கரண்டி?"

"ஆமா."

அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த சாம்பலைத் தட்டிவிட்டுச் சொன்னார். ரெண்டு வருசத்துக்கு முன்னால், மழை நாளில், கழுவிக்கொண்டிருந்தபோது வெள்ளிக் கரண்டி ஒன்று கை நழுவிக் கழிவுத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து தண்ணீரோடு போய்விட்டதாம். கான் முழுக்கக் கையை விட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரத் தொரை விட்டுப்போன ஆறு கரண்டியில் ஒன்று அது. மிச்சம் ஐந்தையும் துணிமேல் கொஞ்சம் தள்ளித் தள்ளி அடுக்கி வைத்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"எப்படியோ கண்டுபுடிச்சிட்டாங்க" என்றார்.

"மாமா, சத்தியமா அது கதைதான்."

"சரி, கதைதான். அந்தக் கதையில கடைசியா சமையக்காரன என்னா செய்யிறாங்க?"

எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைதான் தெரியும் என்று சொன்னேன். அது கேட்பதற்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. தீர்ப்புக்கு நாள் குறித்த மாதிரி நான் அந்தக் கிழமையைச் சொன்னேன்.

"அப்ப அதுக்கு முன்னாடி நாமளே போயிச் சொல்லிட்டா கொஞ்சம் கொறையும்" என்றார் மாமா.

"வேணாம் மாமா. வெள்ளிக்கிழமை வரைக்கும் இருங்க."

"ஏ பாப்பா, ஒனக்கு இதெல்லாம் வெளங்காது" என்று சொல்லி, தீய்ந்த கேக் ஓரம் ஒன்றை என் கையில் வைத்தார்.

வியாழக்கிழமை நான் மறுபடி டீச்சரிடம் கெஞ்சினேன். "நீ ரொம்ப அவசரக்காரி" என்றார். அன்றைக்கு இன்டர்வெலில் டீச்சர் ஹேண்ட்பேக்கை நாற்காலியில் வைத்துவிட்டுத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனார். கிளாசில் நான் மட்டும் இருந்தேன். பழுப்பு நிறப் பேக். கொக்கி பித்தளை. நான் அந்தக் கொக்கியைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. அடுத்தவர் சாமானைத் தொடக்கூடாது என்று அம்மா அடித்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளை நான். கையை எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்திருக்க வேண்டிய ஒரே திருட்டு அதுதான். அதைச் செய்யாத நல்ல பிள்ளைத்தனத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அன்று சாயங்காலம் தொரை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மாமா எதிரில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்று, நான்தான் கரண்டியைத் தொலைத்தேன் என்று சொல்லிவிட்டார். தொரைக்கு ஒன்றும் புரியவில்லை. தொரசாணிக்கு அந்தக் கரண்டிகள் ஆறு என்பதே தெரியாது. ஆனால் கேட்டபின் தொரை யோசித்தார். ரெண்டு வருசம் இதை மறைத்தவன் வேறு எதையெல்லாம் மறைத்திருப்பான் என்று யோசித்தார். கத்தவில்லை, பொலிசைக் கூப்பிடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து மலை வேலைக்குப் போ என்று மட்டும் சொன்னார். தன்னை இளகிய மனசுக்காரர் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

மாமா அன்றிரவே தன் சின்னப் பெட்டியோடு எங்கள் காம்பராவுக்கு வந்துவிட்டார். அம்மா அழுதார். அப்பா என்னைத் திட்டவில்லை. "பாத்தியா, கதைன்னியே?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டீச்சர் கடைசிப் பக்கத்தைப் பெஞ்சு பெஞ்சாகக் கொடுத்து, தானே நடித்து வாசித்தார். விசாரணையில் ஒன்றும் கிடைக்காமல் இன்ஸ்பெக்டர் வயிறு நிறைய கேக்கோடு விடைபெறுகிறார். வெளியே மழை. எல்லாரும் வாசலில் நின்று பார்க்க, குடையை விரிக்கிறார். குடைக்குள்ளிருந்து வெள்ளிக் கரண்டி அவர் மண்டையில் விழுகிறது. காலையில் விருந்து உண்டா என்று மோப்பம் பிடிக்க அவரே ஒரு தடவை வந்து, குடையைச் சாப்பாட்டு மேசை ஓரத்தில் மாட்டியிருந்தாராம். டீச்சர் டஸ்டரைக் குடையாகப் பிடித்து, தன் தலையிலேயே சாக்கட்டியைப் போட்டுக்கொண்டு முழித்தார். கிளாசே கொல்லென்று சிரித்தது. ஞாபகம் இருக்கிறதா? இங்கிலீஷில் நாம் முதன்முதலாகச் சிரித்தோம். எனக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீர் வரும் வரை சிரித்தேன். பக்கத்தில் இருந்தவள் என் முகத்தைப் பார்த்துப் பயந்து, என் முதுகைத் தட்டினாள்.

திங்கட்கிழமை டீச்சருக்கு விஷயம் தெரிந்தது. நேரே பங்களாவுக்குப் போகிறேன் என்று கிளம்பினார். தலைமை ஆசிரியர் தடுத்துவிட்டார். "நீங்க போயி கதைன்னு சொல்லலாம் டீச்சர். ஆனா கரண்டி தொலைஞ்சது கதையில்லையே" என்றார். டீச்சர் எடுத்த ஹேண்ட்பேக்கை மறுபடி நாற்காலியில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் நமக்குக் கொண்டுவந்த கதைகளில் ஆடும் முயலும்தான் வந்தன. அடுத்த வருசம் மாற்றலாகிப் போய்விட்டார். அவர்மேல் எனக்கு இன்னும் ஆசையும் இருக்கிறது, ஆத்திரமும் இருக்கிறது.

மாமாவுக்குப் புல் வெட்டும் வேலை கொடுத்தார்கள். சரிவு அதிகமான மலை. சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அங்கே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். மாமா கீழ் வரிசையில் ஒரு கல்லில் உட்கார்ந்து, காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். துணியில் ரத்தம் இருந்தது. அவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

"அந்தக் கத முடிஞ்சிருச்சா பாப்பா?"

"முடிஞ்சிருச்சு மாமா. சமையக்காரர் எடுக்கல."

"பின்ன?"

முதலிலிருந்து சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஆறாவது தடவை அடுப்படிக்குப் போன இடத்திலேயே மாமா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "கேக்குக்காகல்ல திரும்பத் திரும்ப வந்திருக்கான்" என்றார். இருபத்தெட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியாதது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. குடையிலிருந்து கரண்டி விழுந்ததும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். அடுத்த வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் கண்டதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்பறம் அந்தச் சமையக்காரன் என்னா ஆனான்?"

கடைசிப் பக்கம் எனக்கு மனப்பாடம். மனதுக்குள் மேலிருந்து கீழ் வரை தேடினேன். கரண்டி விழுகிறது, விருந்துக்கு வந்தவர்கள் சிரிக்கிறார்கள், இன்ஸ்பெக்டர் மழையில் ஓடுகிறார். சமையல்காரனைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதியவர் மறந்தே போயிருந்தார்.

"அவரு வேலைய அவருக்கே குடுத்துட்டாங்க மாமா" என்றேன். அது போதாது என்று தோன்றியது. "அந்தத் தொரசாணி அடுப்படிக்கு வந்து அவருகிட்ட மன்னிப்புக் கேட்டாங்க."

மாமா துணியைக் காலில் மறுபடி சுற்றத் தொடங்கினார். பாதிச் சுற்றில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"மன்னிப்பா?"

"ஆமா மாமா."

"அப்ப நீ சொன்னது சரிதான் பாப்பா" என்றார். "அது கதைதான்."